படம் எப்படி? – எளிய பார்வையாளரின் தீர்ப்புமொழி



மொழியியல் படித்தவருக்குத் திரைப்படத்தைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர் வினவினார். அவர் ஐயம் நியாயமானதே. எந்தப் படம் சிறந்தது, எந்த இயக்குநர் தேர்ந்தவர் என்று சொல்லும் தகுதி நமக்கு இல்லை. படம் பார்த்துவிட்டு வெளியே வரும் மக்கள் அப்படத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள், எந்தச் சொல்லால், எந்த உருபால் சொல்கிறார்கள் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இவர்கள் விமர்சகர்கள் அல்லர். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் குடும்பத்தோடு திரையரங்குக்குப் போகிறவர்கள். மற்ற நாள்களில் வீட்டுத் தொலைக்காட்சியிலோ கைப்பேசியிலோ பார்க்கிறவர்கள். ஆயினும் ‘படம் எப்படி?’ என்று கேட்டால் இவர்களிடம் விடை இல்லாமல் இல்லை.

முதலில் ஊர்ப் பெயரைப் பற்றி ஒரு சொல். பாடாங் என்னும் மலாய்ச் சொல்லுக்குத் திடல் என்று பொருள். செராய் என்பது எலுமிச்சைப் புல். திடல் என்றவுடன் தோட்டத்தில் வளர்ந்த மூத்தோருக்குப் பந்து விளையாட்டோடு திரைப்படமும் நினைவுக்கு வரும். ஹென்றியட்டா, விக்டோரியா முதலிய தோட்டங்கள் சூழ்ந்த இவ்வூரிலும், கெடாவின் பிற தோட்டங்களிலும், திடலில் இரு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் ஒன்று உண்டு. துணிக்கு முன்புறம் இடம் கிடைக்காதவர்கள் பின்புறம் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு எழுத்துகள் தலைமாறித் தெரியும். கதாநாயகன் இடக்கையால் வாள் சுழற்றுவான். படச்சுருளை மாற்றும் இடைவேளையில் கருத்துரை தொடங்கிவிடும். எம்.ஜி.ஆர். கட்சி ஒரு லயம், சிவாஜி கட்சி மறு லயம். அன்று கருத்து என்பது படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே உரக்கச் சொல்லப்படுவது. கேட்பதற்கு ஒரு தோட்டமே அங்கு இருந்தது.

1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. அதே ஆண்டில் அஸ்ட்ரோ ஒளிபரப்பும் தொடங்கிற்று. தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறியதும், வீட்டுக் கூரையில் வட்டத் தட்டு ஏறியதும் ஏறத்தாழ ஒரே காலத்து நிகழ்ச்சிகள். அதற்குப் பின் படம் பற்றிய பேச்சு தொழிற்சாலைப் பேருந்துக்கும், முடிதிருத்தும் கடைக்கும், இரவுச் சந்தைக்கும் இடம் மாறியது. அத்தகைய இடங்களில் கேட்டுக் குறித்து வைத்த வாக்கியங்களே இவ்வுரைக்கு மூலம். இதனை ஆய்வு என்று பெரிதுபடுத்த வேண்டியதில்லை; காது கொடுத்ததன் பயன் என்று கொள்க.

படத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பாட்டிலிருந்தே தொடங்குகிறது. ஐந்து வாக்கியங்களைக் கேளுங்கள்.

“பாட்டு நல்லாருக்கு.”
“பாட்டும் நல்லாருக்கு.”
“பாட்டுதான் நல்லாருக்கு.”
“பாட்டாவது நல்லாருக்கு.”
“பாட்டே நல்லால்ல.”

ஐந்திலும் எழுவாயாக நிற்பது பாட்டு; பயனிலையும், ஈற்றில் வரும் எதிர்மறை நீங்கலாக, ஒன்றே. ஆயினும் ஐந்தும் ஐந்து வேறு மதிப்புரைகள். முதலாவது பாட்டைப் பற்றி மட்டுமே பேசுகிறது. படத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. இரண்டாவதில் உள்ள உம்மை, கதையும் நடிப்பும் நன்று, அவற்றோடு பாட்டும் நன்று என்கிறது. இதனை எச்சவும்மை என்று இலக்கணம் பெயரிட்டிருக்கிறது. சொல்லாமல் எஞ்சியதைத் தழுவி நிற்பதால் அப்பெயர். ஒரு தயாரிப்பாளர் இவ்வைந்தில் ஒன்றை விலை கொடுத்து வாங்கலாம் என்றால் இந்த ‘உம்’மைத்தான் வாங்குவார். மூன்றாவதில் ‘தான்’ வந்தவுடன் கதையும் நடிப்பும் வெளியே தள்ளப்படுகின்றன. நான்காவது கொடுத்த காசுக்கு ஆறுதல் தேடுகிறது. ‘ஆவது’ என்பதற்குள் ஒரு பெருமூச்சு உண்டு. ஐந்தாவதுதான் கடுமையானது. பாட்டு நன்றாக இருக்கும் என்பது குறைந்த அளவு எதிர்பார்ப்பு. அதுவும் தவறிப்போயிற்று என்றால் மற்றவற்றைச் சொல்லவே வேண்டாம் என்னும் பொருளை ஒற்றை ஏகாரம் சுமக்கிறது.

தொல்காப்பியர் இடையியலில் உம்மைக்கு எட்டுப் பொருளும் ஏகாரத்துக்கு ஐந்து பொருளும் வகுத்தார். தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என்னும் அவ்வைந்தில் ‘பாட்டே நல்லால்ல’ என்பதன் ஏகாரத்தை எதனுள் அடக்குவது என்று வகுப்பில் ஒரு மணி நேரம் வழக்காடலாம். ஆசிரியர்கள் முயன்று பார்க்க வேண்டுகிறோம். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. தாமே நின்று பொருள் தரமாட்டாத இச்சிறு சொற்களைக் கொண்டுதான் முடிதிருத்தும் கடையில் அமர்ந்திருப்பவர் ஒரு படத்தை எடைபோடுகிறார். பள்ளியில் இடைச்சொல் என்று மனப்பாடம் செய்து மறந்தவர் அவர். ஆனால் அதனைப் பிழையாகப் பயன்படுத்தி நாம் கேட்டதே இல்லை.

காலத்தையும் பாருங்கள். “படம் நல்லாருக்கு” என்பது நிகழ்காலம். பார்த்து முடித்த படத்துக்கு ஏன் நிகழ்காலம்? அங்கே நன்மை படத்தின் பண்பாகச் சொல்லப்படுகிறது. நீங்கள் போனாலும் அப்படியே இருக்கும் என்னும் உறுதி அதில் உண்டு. “நல்லாருந்திச்சி” என்றால் அது சொல்பவரின் அனுபவம். எனக்குப் பிடித்தது, உங்களுக்கு எப்படியோ என்று சற்று விலகி நிற்கிறது. “நல்லாதான் இருக்கு” என்பது மூன்றாவது வகை. இங்கே வரும் ‘தான்’ பாட்டுக்குப் பின் வந்த ‘தான்’ அன்று. இது ஒப்புக்கொள்வதுபோல் தொடங்கி ஓர் ‘ஆனா’வுக்காகக் காத்திருப்பது. அந்த ‘ஆனா’வைச் சொல்லாமலே நிறுத்திவிடுபவர் உண்டு. கேட்பவர் தாமே நிரப்பிக்கொள்வார்.

நம் நாட்டுத் தமிழில் இவற்றோடு மலாயிலிருந்து பெற்ற ‘லா’வும் சேர்ந்துகொள்கிறது. “படம் ஓகே” என்பதற்கும் “படம் ஓகே லா” என்பதற்கும் உள்ள தொலைவை இவ்வவைக்கு விளக்க வேண்டியதில்லை, சிரிப்பொலியே சான்று. சென்னையிலிருந்து வருபவருக்கு மட்டும் சொல்லித்தர வேண்டும்: ‘லா’ வந்தால் அந்த ‘ஓகே’யின் மதிப்பில் பாதி குறைந்துவிடும்.

புகழ்ச்சியும் இகழ்ச்சியும் கொலைச் சொல்லிலேயே அமைவது தமிழின் வியப்புகளுள் ஒன்று. “கொன்னுட்டான்” என்றால் நடிகரோ இசையமைப்பாளரோ உச்சத்தைத் தொட்டுவிட்டார் என்று பொருள். “அறுத்துட்டான்” என்றால் பொறுமையைச் சோதித்துவிட்டார் என்று பொருள். இரண்டிலும் ‘விடு’ என்னும் துணைவினை ஒட்டி நின்று, செயல் முடிந்தது, இனி மாற்ற முடியாது என்னும் உணர்ச்சியைத் தருகிறது. இங்கு வரும் ‘ஆன்’ ஈறு மரியாதைக் குறைவு என்று சில ஆசிரியர்கள் வருந்துவதுண்டு. பெயர் தெரியாத, எதிரே இல்லாத ஒரு கலைஞனைச் சுட்டும் வழக்கு அது. கடவுளையும் ‘அவன்’ என்கிறோம்.

இனி அண்மைப் படங்கள் சிலவற்றுக்கு வருவோம். 2024இல் வந்த ‘மகாராஜா’ கதையை முன்பின்னாக மாற்றி அடுக்கிச் சொல்லும் படம். இதைப் பற்றி ஒரு லாரி ஓட்டுநர் நம்மிடம் சொன்னது: “மொதல்ல ஒண்ணும் புரியல. கடைசியில எல்லாம் ஒண்ணு சேந்திச்சி. ஆனா ரெண்டாந்தடவ பாக்க முடியாதுண்ணே, மனசு வலிக்கும்.” மூன்று வாக்கியங்கள். கதையமைப்பு, அதன் பயன், படம் மனத்தில் விட்டுச்செல்லும் சுமை என மூன்றையும் தொட்டுவிட்டார். ‘பாக்க முடியாது’ என்றவர் படத்தைக் குறை சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்.

அதே ஆண்டின் ‘மெய்யழகன்’ படத்தைப் பற்றி ஒரே மேசையில் இருவர் பேசக் கேட்டோம். ஒருவர், “பேசிக்கிட்டே இருக்காங்க” என்றார் சலிப்போடு. மற்றவர், “ஆமா, பேசிக்கிட்டே இருக்காங்க” என்றார் மகிழ்வோடு. சொல்லில் வேறுபாடு இல்லை; ஏகாரத்தின் மேல் குரல் ஏறிய விதத்தில் மட்டும் வேறுபாடு. இரவு முழுதும் இருவர் பேசும் அந்தப் படத்தின் நீளம் வெளியான சில நாள்களிலேயே ஏறத்தாழ 18 நிமிடம் குறைக்கப்பட்டது. அதாவது முதலாமவர் போன்றோரின் ஏகாரம் சென்னைக்கு எட்டி, படத்தொகுப்பு மேசை வரை சென்றிருக்கிறது. இரண்டாமவர் பிறகு அந்நிமிடங்களுக்காக வருந்தினார். இருவரில் நாம் அவர் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

எளிய பார்வையாளருக்கு மதிப்பெண் முறை இல்லை. நட்சத்திரக் குறியும் இல்லை. அவருடைய அளவுகோல் பணமும் தொலைவும். பாடாங் செராயிலிருந்து ஐவர் கொண்ட குடும்பம் சுங்கைப் பட்டாணிக்கோ பட்டர்வொர்த்துக்கோ சென்று படம் பார்ப்பது என்றால் நுழைவுச்சீட்டு, பெட்ரோல், பிள்ளைகளுக்குச் சோளப்பொரி என ஒரு கணக்கு இருக்கிறது. ஆகவே “தியேட்டர்ல பாக்கலாம்” என்பது உயர்ந்த தீர்ப்பு. “ஒரு தடவ பாக்கலாம்” அதற்கு அடுத்தது. “டிவியில வந்தா பாக்கலாம்” மூன்றாவது. “பாத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டால் அப்படத்தின் கதை முடிந்தது. நான்கிலும் வரும் ‘லாம்’ என்னும் ஈற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும். ஒப்புதல் தரும் ஈறு அது. போகலாம், வரலாம், விருப்பம் உங்களுடையது.

இவ்விடத்தில் ‘ஆம்’ என்னும் ஈற்றையும் பேசியாக வேண்டும். “படம் நல்லாருக்காம்” என்றால் சொல்பவர் பார்க்கவில்லை. பிறர் சொல்லக் கேட்டுச் சொல்கிறார். கண்டதையும் கேட்டதையும் பிரித்துக் காட்ட ஆங்கிலத்தில் ஒரு தனி வாக்கியம் வேண்டும். நமக்கு ஓர் அசை போதும். அண்மை ஆண்டுகளில் நாம் குறித்த வாக்கியங்களில் இந்த ‘ஆம்’ மிகுந்து வருவதைக் காண்கிறோம். காரணம் தேடிப் போக வேண்டியதில்லை. சென்னையில் ஒருவர் காணொளியில் அமர்ந்து படத்தைப் பற்றிப் பேசுகிறார். கெடாவில் இருப்பவர் அதனைக் கேட்டுவிட்டு “நல்லால்லையாம்” என்கிறார். இத்தனைக்கும் நம் கடிகாரம் சென்னைக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. ஒரே நாளில் இரு நாட்டிலும் காலை பத்து மணிக் காட்சி தொடங்குமானால், நாம் படம் பார்த்து முடிக்கும் வேளையில் அவர்களுக்கு அப்போதுதான் திரை விலகும். நாம் “நல்லாருக்கு” என்று சொல்ல, அவர்கள் “மலேசியாவில நல்லாருக்குங்குறாங்களாம்” என்று சொல்லும் வாய்ப்பை இயற்கையே தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ள நமக்குத் தோன்றுவதில்லை.

இனி ஆசிரியர்களுக்கு உரிய பகுதி. பள்ளி மாணவர்களுக்கு நடந்த கட்டுரைப் போட்டி ஒன்றின் தாள்களை வாசிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. ‘நான் அண்மையில் பார்த்த திரைப்படம்’ என்பது தலைப்பு. பெரும்பாலான கட்டுரைகள், இப்படம் அனைவரும் குடும்பத்துடன் கண்டு களிக்க வேண்டிய சிறந்த படைப்பு என்னும் பொருளில் முடிந்தன. நடிகர்கள் தத்தம் பாத்திரங்களில் வாழ்ந்து காட்டியிருந்தார்கள்; பாடல்கள் செவிக்கு விருந்தாக அமைந்திருந்தன; ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி தந்தது. எந்தப் படத்தைப் பற்றிய கட்டுரை என்பது தலைப்பை மறைத்துவிட்டால் தெரியாது. அதே மாணவர்கள் மதிய இடைவேளையில் சிற்றுண்டிச் சாலை வாசலில் நின்று பேசியதையும் கேட்டோம். “மொதப் பாதி கொன்னுட்டான்டா, ரெண்டாவது பாதியில அவனுக்கே என்ன பண்றதுன்னு தெரியல.” இந்த ஒரு வாக்கியத்தில் ஒரு கட்டுரைக்கு வேண்டிய கருத்து இருக்கிறது. அது வகுப்பறை வாசலிலேயே நின்றுவிட்டது.

ஏன் என்று கேட்டால் பேச்சுத்தமிழ் வேறு, எழுத்துத்தமிழ் வேறு, எழுத்தில் இப்படியெல்லாம் சொல்ல முடியாது என்பர். நாம் உடன்படமாட்டோம். பாடல்களும் நன்று, பாடல்கள்தாம் நன்று, பாடல்களாவது நன்று, பாடல்களே நன்றாக இல்லை: இவை யாவும் பழுதற்ற எழுத்துத்தமிழ். முற்பாதியில் நம்மை ஆட்கொண்ட இயக்குநர் பிற்பாதியில் தாமே வழி தெரியாமல் நிற்கிறார் என்று எழுதினால் எந்தத் தேர்வாளரும் மதிப்பெண் குறைக்கமாட்டார். ஐந்து வாக்கியத்தின் வேறுபாட்டையும் எழுத்துமொழி அப்படியே ஏற்கிறது. தடையாக இருப்பது அச்சம். தமிழில் எழுதினால் புகழத்தான் வேண்டும், குறை சொன்னால் பண்பாடு இல்லை என்று எங்கோ ஒரு வகுப்பில் பிள்ளைகள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். கற்றுக்கொடுத்தவர்கள் இவ்வவையிலும் இருக்கக்கூடும். விளைவு என்னவென்றால், கருத்து என்பது வாய்க்கு உரியது, கட்டுரை என்பது கருத்து இல்லாமல் எழுதுவது என்னும் பழக்கம். நாளை அதே பிள்ளை பல்கலைக்கழகத்தில் ஒரு சட்டத்தைப் பற்றியோ ஒரு கொள்கையைப் பற்றியோ கருத்தெழுத நேரும்போது தமிழை விட்டு வேறு மொழிக்குப் போவதில் வியப்பில்லை. காரணம் காட்டிக் கருத்துச் சொல்வதை அவன் தமிழில் செய்து பார்த்ததே இல்லை.

நாம் நினைவில் வைக்கச் சொன்ன ‘லாம்’ இப்போது தேவைப்படுகிறது. சென்னையில் எடுத்த படங்களுக்குப் ‘பாக்கலாம்’ என்று சொல்லும் நம் மக்கள், மலேசியாவில் நம்மவர் எடுத்த தமிழ்ப் படங்களுக்குச் சொல்வது வேறு. “நம்ம ஆளு படம், பாக்கணும்.” இங்கே ‘லாம்’ போய் ‘ணும்’ வந்துவிட்டது. விருப்பம் கடமையாகிவிட்டது. இந்த மாற்றத்தை முதலில் குறித்தபோது தற்செயல் என்று எண்ணினோம். மீண்டும் மீண்டும் கேட்ட பின்னர் அப்படி எண்ண இயலவில்லை. ‘பார்க்க வேண்டும்’ என்று சொல்லிவிட்டவர் அதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. பாட்டு எப்படி, கதை எப்படி என்று கேட்டால், “நம்ம பிள்ளைங்க கஷ்டப்பட்டு எடுத்திருக்காங்க” என்பதே விடை. ஆவதும் இல்லை, தானும் இல்லை, ஏகாரமும் இல்லை. அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் ரஜினிகாந்த் படத்தைத் துணிந்து எடைபோடும் அதே நாவு இங்கே தராசைக் கீழே வைத்துவிடுகிறது. உழைத்து எடுத்தவருக்கு அது மரியாதை ஆகுமா என்பதை அவரிடமே கேட்க வேண்டும்.

2016ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டு சூலையில் பா. இரஞ்சித் இயக்கிய ‘கபாலி’ வந்தது. மலேசியத் தோட்டத் தொழிலாளராக இருந்து, சம ஊதியம் கேட்டுப் போராடிப் பின் குழுத் தலைவனானவனின் கதை. தீபகற்பமெங்கும் திருவிழா. அதிலிருந்து ‘மகிழ்ச்சி’ என்னும் ஒற்றைச் சொல் நம் பேச்சுக்குள் நுழைந்தது. பாடநூலிலும் வாழ்த்து மடலிலும் உறங்கிக்கொண்டிருந்த ஓர் எழுத்துத்தமிழ்ச் சொல்லை உணவுக்கடையில் தேநீர் கொண்டுவருபவர் சொல்லக் கேட்டோம். தமிழியக்கங்கள் பல ஆண்டு முயன்றும் ஆகாத காரியம் அது. இங்குத் திரையிட்ட படியின் முடிவில் கபாலி காவல்துறையிடம் சரணடைந்ததாக ஓர் அறிவிப்புச் சேர்க்கப்பட்டிருந்தது. இந்தியப் படியில் அது இல்லை. இரண்டையும் பார்த்தவர்கள் முடிவைப் பற்றி வாதிட்டபோது, தாங்கள் வெவ்வேறு முடிவுகளைப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதே சற்று நேரம் கழித்துத்தான் அவர்களுக்குப் புலப்பட்டது. அது போகட்டும். கபாலியில் மலேசியா இருந்தது, மலேசியத் தமிழ் எவ்வளவு இருந்தது என்று நம் மக்கள் கேட்டார்கள். “நம்ம மாதிரி பேசலையே” என்று ஒரு பெண்மணி சொன்னார். கூர்மையான மொழியியல் விமர்சனம்.

அதே ஆண்டு நடந்த 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ சிறந்த மலேசியத் திரைப்படத்துக்கான விருதைப் பெற்றது. தேசிய மொழியில் அமையாத படங்களைத் தனிப்பிரிவில் வைக்கும் ஏற்பாட்டுக்கு எதிர்ப்பு எழுந்து, அது மாற்றப்பட்ட ஆண்டு அது. 1990களின் தொடக்கத்தில், தோட்ட வாழ்க்கை குலைந்த காலத்தில் வளரும் அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் கதை. படத்தின் பெயரே மலேசியத் தமிழ். மலாயில் பொல்லாதவன் என்னும் பொருள்படும் சொல்லின் நடுவே உள்ள ஹகர ஒலி தமிழ் வாயில் ககரமாகிறது; ‘அகம்’ என்று சொல்லும்போது நம் தொண்டையில் எழும் மென்ககரம் அது. பின் ஆங்கில எழுத்தில் பெயர் எழுதும்போது ‘எச்’ போய் ‘ஜி’ வந்துவிட்டது. ஈற்றில் உள்ள ஒலி ‘த்’ ஆகாமல் ‘ட்’ ஆனதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. நம் ஊர்ப்பெயர்களைப் பாருங்கள். சொல்லின் நடுவில் வந்தால் பத்து, கோத்தா என்று தகரம். இறுதியில் வந்தால் புக்கிட், சிப்புட், பாரிட், லங்காட் என்று டகரம். யாரும் விதி எழுதித் தரவில்லை. மக்கள் நாவு தானே வகுத்துக்கொண்ட புணர்ச்சி விதி இது. ஒரு பட்டத் தாளுக்குப் போதிய பொருள் ஒரு படத்தின் பெயரில் இருக்கிறது. மாணவர்கள் எவரேனும் எடுத்துக்கொள்வார்களாக.

அப்படம் பார்த்த சிலர் மகிழ்ந்ததோடு கூசவும் செய்தார்கள். “இப்படியா நம்ம பேச்சை வெளியில காட்டுறது?” என்றார் ஒருவர். சிலர் உணர்ச்சி மிக்க இடங்களிலும் சிரித்தார்கள் என்று கேள்வி. தம் வீட்டுப் பேச்சைத் திரையில் கேட்டுப் பழகாத காது, அதனை நகைச்சுவை என்றே எடுத்துக்கொள்கிறது. நகைச்சுவைக்கு மட்டுமே வட்டாரப் பேச்சைப் பயன்படுத்திய திரையுலகம் நமக்கு அவ்வாறு கற்பித்தது. 1952இல் ‘பராசக்தி’ காலத்துத் திரைத்தமிழ் மேடைத்தமிழாக இருந்தது. 1977இல் ‘16 வயதினிலே’ சிற்றூர்ப் பேச்சுக்கு வாசல் திறந்தது. இன்று மாரி செல்வராஜ் படங்களில் தென்மாவட்டப் பேச்சு துயரத்தையும் சினத்தையும் தாங்குகிறது. 2025இல் வந்த ‘டூரிஸ்ட் ஃபேமிலி’, சென்னைக்கு வந்து சேரும் ஈழத்துக் குடும்பம் ஒன்று தான் எங்கிருந்து வந்தது என்பதை மறைத்து வாழ முயல்வதைக் காட்டியது. பேச்சே காட்டிக்கொடுத்துவிடும் என்னும் அச்சம் அவர்களுக்கு. அதைப் பார்த்துவிட்டு ஓர் இளைஞர் நம்மிடம், “நாங்க சென்னைக்குப் போனா ‘லா’ போடாமப் பேசுறதும் அப்படித்தாங்க” என்றார். அவரை யாரும் நாடு கடத்தப்போவதில்லை, ஆனாலும் மறைக்கிறார். ஈழத்துப் பேச்சுக்கு இந்த இடம் கிடைக்க இத்தனை காலம் ஆயிற்று. நம் பேச்சுக்கு ‘ஜகாட்’டும், அதற்குப் பத்தாண்டு முன்னர் 2005இல் தீபக் குமரன் மேனன் எடுத்த ‘செம்மண் சாலை’யும் வழி போட்டிருக்கின்றன. தோட்டத்துக் குடும்பத்தில் படித்து முன்னேற விரும்பும் ஒரு பெண்ணைப் பற்றிய அப்படத்தை இவ்வவையிலுள்ள மாணவர்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டோம். ஆசிரியர்கள் ஒருமுறை வகுப்பில் காட்டலாம். கவனிக்கவும்: காட்டலாம் என்றோம்.

இறுதியாக, நம் குறிப்பேட்டிலிருந்து ஒன்று. லூனாஸ் பக்கம் முப்பது ஆண்டுக்கு மேல் மரம் சீவிய மூதாட்டி ஒருவர், தோட்டக் காட்சி வரும் படம் ஒன்றைப் பேத்தியோடு தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் நல்ல வெயிலில் ஒரு பெண் உளியோடு மரத்தருகே போகிறாள்; பின்னணியில் சோக இசை. மூதாட்டி சொன்னார்: “வெயிலு ஏறிப்போச்சி. இப்பப் போயி வெட்டுனா பாலு என்னத்த வடியும்? தலையில வெளக்கும் இல்ல. மங்கக்கூடத் தொடைக்கல பாரு.” இரப்பர் மரத்துப் பால் விடியற்குமுன் குளிர்ச்சியில்தான் நன்கு வடியும், வெயில் ஏற ஏறக் குழாய்களில் அழுத்தம் குறைந்து வடிவது தளரும். எந்தப் பத்திரிகை விமர்சகருக்கும் தெரியாத செய்தி. அந்தப் பேத்தி படிவம் நான்கு படிப்பவள். தாம் பார்த்த படத்தைப் பற்றி அந்த வாரம் பள்ளிக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. ‘தோட்டப்புறச் சூழல் தத்ரூபமாகக் காட்டப்பட்டுள்ளது’ என்று எழுதியிருந்தாள். அருகிலேயே அமர்ந்திருந்த பாட்டியிடம் அவள் கேட்கவில்லை. நாம்தான் கேட்டோம், “படம் எப்படிம்மா?” என்று. மூதாட்டி சற்று யோசித்துவிட்டு, “நல்லாதான் இருக்கு” என்றார்.

உங்கள் வினாக்களுக்கு இனி இடம் தருகிறோம்.